ஒரு கிரவுண்டு, மூன்று பிள்ளைகள்: பழைய வீட்டை என்ன செய்வது?

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் 22 மனைகள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருபத்திரண்டும் தனி வீடு. இன்று ஏழுதான் பாக்கி, அதில் ஒன்று எங்களுடையது. மற்ற மனைகளில் பெரும்பாலும் ஸ்டில்ட் (கார் நிறுத்தத் தரைத்தளத்தில் தூண்கள் மட்டும்) போட்ட ஃபிளாட்டுகள். மூன்றில் மட்டும் மனையை அடைத்துக் கட்டிய பங்களா, லிஃப்ட் உட்பட. அதில் ஒன்றில் வசிப்பது இரண்டே பேர். முன்பு அதே மனையில் நாலு குடித்தனம் இருந்தது. தண்ணீர்ச் சண்டை தெருமுனை வரை கேட்கும்.

அப்பா 1978-ல் கட்டிய வீடு இது. முன்பக்கம் ஆயிரம் சதுர அடியில் நாங்கள். 1986-ல் பின்னால் இரண்டு போர்ஷன் எடுத்தார். அப்புறம் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை. அப்பா இல்லை. அம்மாவுக்கு 79 வயது, முன்வீட்டில் இருக்கிறார். அக்கா கோயம்புத்தூரில், தம்பி அமெரிக்காவில் போர்ட்லாந்தில், நடுவில் நான் இங்கே. பின்போர்ஷன் ஒன்றில் தையல்காரத் தம்பதி, வாடகை 7,000. இன்னொன்றில் டெம்போ ஓட்டுகிறவர் குடும்பம், 6,500. மாடியில் இரண்டு பையன்கள்.

இடிக்கிற பேச்சு ஏன் வந்தது? விலை ஏறிவிட்டது என்பது ஒரு காரணம். 2011-ல் நாங்கள் இருந்த ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2016-ல் மெட்ரோ வந்தது, மனை விலை எங்கேயோ போய்விட்டது. ஆனால் சென்னைப் புறநகரில் பழைய வீடுகளை உண்மையில் இடிக்க வைப்பது ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டார்கள். சின்ன வயதில் நாலு படி ஏறி வீட்டுக்குள் போவோம், இன்று இரண்டு படி இறங்குகிறோம். 2015 டிசம்பரில் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். அன்றைக்கு அப்பாவின் பீரோவோடு சேர்ந்து வீட்டின் மேல் இருந்த பற்றும் கொஞ்சம் நனைந்துபோனது.

மூன்று பேரும் வாட்ஸ்அப்பில் எட்டு மாதம் பேசினோம். ஆளுக்கொரு யோசனை. கணக்குப் போடுகிற வேலை என்னிடம் வந்தது. அதை இங்கே எழுதுவதற்குக் காரணம், இதே நிலையில் நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் பில்டர் எழுதிக் கொடுக்கிற தாளை மட்டும் வைத்து முடிவெடுக்கிறார்கள்.

கணக்கு எளிதாக இருக்கச் சில எண்களை வைத்துக்கொள்வோம். மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. நிலம் சதுர அடி 10,000 ரூபாய். புது ஃபிளாட்டும் சதுர அடி 10,000. கட்டுமானச் செலவு, ஸ்டில்ட், படிக்கட்டு எல்லாம் சேர்த்து 3,000. உங்கள் ஏரியாவில் இவை மாறும், கணக்கின் போக்கு மாறாது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு, 2 (அதற்கு முன் 1.5). எனவே நம் மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். சுற்றிலும் விட வேண்டிய இடம், தெருவின் அகலம், உயர வரம்பு எல்லாம் பார்த்தால் முழுதும் கிடைக்காமலும் போகலாம். அதை ஆர்க்கிடெக்ட்தான் சொல்ல வேண்டும்.

அப்படியே விற்றுவிடுவது

அக்காவின் யோசனை. 2.40 கோடி, அம்மாவின் பங்கைத் தனியாக எடுக்காமல் மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 80 லட்சம், முடிந்தது. இடித்துத் தருகிற வேலைகூட நமக்கு இல்லை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று நாலும் சரியாக இருந்தால் மூன்று மாதத்தில் பணம் கையில். மூலதன ஆதாய வரி உண்டு. ஆனால் 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய சொத்துக்கு அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக வைக்கலாம். 2024 ஜூலைக்கு முன் வாங்கியது என்றால், இங்கே வசிப்பவர்கள் 12.5 சதவீதமா, அடக்க விலையை விலைவாசிக் குறியீட்டின்படி ஏற்றிக்கொண்டு 20 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம். தம்பி போன்ற வெளிநாட்டுவாசிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் ஆடிட்டரைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் பேச வேண்டும்.

உடன்பிறந்தவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களுக்கு இதுதான் சரி. ஒரே கட்டடத்தில் மேலும் கீழும் இருந்து முறைத்துக்கொள்வதைவிட இது மேல். எங்களுக்குள் அந்த அளவுக்கு எதுவும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் 79 வயதில் ஆஞ்சநேயர் கோயில் பக்கத்தை விட்டு எங்கே போவது என்று தெரியவில்லை.

இடித்துவிட்டுப் பெரிய வீடு

தம்பியின் ஆசை. கீழே இரண்டு பெட்ரூம், மேலே மூன்று, ஒரு ஹோம் தியேட்டர். "எல்லாரும் ஒண்ணா வந்து தங்கலாம்ல?" என்றான். வருடத்தில் பதினைந்து நாள்.

இதற்கு ஒரு வசதி உண்டு. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கலாம். ஒரு கிரவுண்டுக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி. ஸ்டில்ட் இல்லாத வீட்டுக்குச் சதுர அடி 2,500 என்று வைத்தாலும் 3,500 சதுர அடிக்கு 87.5 லட்சம். மரவேலை, லிஃப்ட் தனி.

அந்த 87.5 லட்சம் திரும்பி வராது. பத்து வருடம் கழித்து விற்கப் போனால் வாங்குகிறவர் மனைக்கு மட்டும்தான் விலை பேசுவார். பெரிய தனி வீடு வேண்டும் என்பவர் தன் இஷ்டப்படி கட்டிக்கொள்ளத்தான் பார்ப்பார், நம் தம்பியின் தியேட்டருக்குக் காசு தர மாட்டார். ஃபிளாட் கட்டுகிறவருக்கு அது இடிக்க வேண்டிய சுமை. தெருவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் மோசம்: நாலு அடுப்பு எரிந்த மனையில் ஒரு அடுப்பு, அதுவும் அம்மாவுக்கு மட்டும்.

தம்பியோடு வாதாட அவன் ஊரையே எடுத்துக்கொண்டேன். அங்கேயும் இதே கதைதான் நடந்தது. சின்ன வீட்டை வாங்கி இடித்துவிட்டு, இரண்டு மடங்கு பெரிய ஒற்றை வீட்டைக் கட்டி, இரண்டு மடங்கு விலைக்கு விற்பார்கள். வீட்டின் எண்ணிக்கை ஒன்று கூடாது, அந்தத் தெருவில் நுழைவதற்கான விலை மட்டும் கூடும். போர்ட்லாந்து நகர மன்றம் 2020-ல் நிறைவேற்றி 2021-ல் அமலுக்குக் கொண்டுவந்த விதி இதைத் தலைகீழாக்கியது. 5,000 சதுர அடி மாதிரியான சாதாரண மனையில் ஒரே ஒரு வீடு கட்டினால் மனையில் பாதி அளவுதான் மொத்தக் கட்டடம் இருக்கலாம். இரண்டு வீடு என்றால் 0.6, மூன்று என்றால் 0.7. எத்தனை குடும்பத்துக்கு இடம் தருகிறாயோ அந்த அளவுக்குப் பெரிதாகக் கட்டிக்கொள் என்பது அதன் கணக்கு. நம் ஊர் எஃப்.எஸ்.ஐ.க்கு இந்த வித்தியாசம் தெரியாது. 4,800 சதுர அடியில் எட்டுக் குடும்பம் இருந்தாலும் ஒன்று, ஒரு பாட்டியும் வாட்ச்மேனும் இருந்தாலும் ஒன்று. தம்பி ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை.

பில்டரோடு ஜே.வி.

தெருவில் பெரும்பாலோர் செய்தது இது. ஜாயின்ட் வென்ச்சர்: நிலம் நம்முடையது, கட்டுவது பில்டர், வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்வது. பில்டர் வருவார், காபி சாப்பிடுவார், "நீங்க ஒரு பைசா போட வேண்டாம்மா, ரெண்டு புது ஃபிளாட் உங்களுக்கு" என்பார். 50:50. அதாவது 1,200 சதுர அடியில் நாலு ஃபிளாட், இரண்டு நமக்கு, இரண்டு அவருக்கு.

ஒரு பைசா போட வேண்டாம் என்பதை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். நாலு ஃபிளாட்டின் விலை 4.80 கோடி. கட்டுகிற செலவு 1.44 கோடி. நம் பங்கு 2.40 கோடி பெறுமானமுள்ள ஃபிளாட்டுகள். அப்படியே விற்றாலும் 2.40 கோடிதான் வந்திருக்கும், அதுவும் இன்றைக்கே. இங்கே இரண்டு வருடம் காத்திருந்து, அம்மாவை வாடகை வீட்டில் வைத்து, அதே தொகையைச் சுவரும் கதவுமாக வாங்குகிறோம். இன்னொரு விதமாகச் சொன்னால், 1.20 கோடி மதிப்புள்ள பாதி நிலத்தைக் கொடுத்து, 72 லட்சம் ரூபாய் கட்டட வேலையை வாங்குகிறோம். நிலம் விலை ஏறிய ஏரியாவில் 50:50 என்பது பழைய காலத்துப் பேச்சு. 60:40 கேட்க வேண்டும், அல்லது பாதியோடு ரொக்கமும் கேட்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. வீடு வாங்குகிறவர்களைக் காக்க வந்த ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் இருக்கிறதே என்று நினைப்போம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் ரெராவில் பதிவு தேவையில்லை. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர். புறநகரில் நடக்கிற ஜே.வி.க்களில் பெரும்பகுதி அந்தக் குடைக்கு வெளியேதான் நனைகிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இரண்டாம் தளத்தின் கூரை போட்டதோடு வேலை நின்றது. பில்டருக்கு வேறொரு இடத்தில் பணம் மாட்டிக்கொண்டது. அவர்கள் நாலு வருடம் வாடகை வீட்டில் இருந்தார்கள், முதல் வருடத்துக்குப் பிறகு பில்டர் தருவதாகச் சொன்ன வாடகையும் நின்றுவிட்டது.

ஜே.வி.தான் என்று முடிவானால் ஒப்பந்தத்தில் வரிக்கு வரி உட்கார வேண்டிய இடங்கள் உண்டு. பவர் பத்திரம் அவர் பங்கு யு.டி.எஸ்.ஐ (பிரிக்கப்படாத நிலப் பங்கை) விற்பதற்கு மட்டும் இருக்கட்டும், மனையை அடமானம் வைக்கிற அதிகாரம் அதில் நுழையக் கூடாது. நம் ஃபிளாட்டின் சாவி கையில் வரும்வரை அவர் பங்கில் ஒரு வீட்டையாவது விற்கக் கூடாது என்று எழுதுங்கள். நம் பங்கு வீடுகளுக்கான ஜி.எஸ்.டி.யை யார் கட்டுவது என்று எழுதாவிட்டால் கடைசியில் நம் தலையில் விழும். மொட்டை மாடி, கார் நிறுத்துமிடம், இடிக்கிறபோது வருகிற தேக்குக் கதவு ஜன்னல் யாருக்கு என்பதுவரை எழுத வேண்டும். எங்கள் வீட்டுக் கதவைப் பற்றி பில்டர் பேச்சுவாக்கில் "பழைய சாமான்தானே" என்றார். அப்பா அதைத் தேர்ந்தெடுக்க மூன்று மரவாடி ஏறி இறங்கியவர். வரிப் பக்கத்தில் ஒரு நிம்மதி: 2017-லிருந்து, தனி நபர்கள் பதிவு செய்த ஜே.வி.யில் ஒப்பந்தம் போட்ட வருடத்தில் வரி கட்ட வேண்டியதில்லை, கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வருகிற வருடத்தில் கட்டினால் போதும்.

எங்களுக்கு இதில் வேறொரு சிக்கல். பிள்ளைகள் மூன்று, ஃபிளாட் இரண்டு. "பொண்ணுக்குப் பணமா குடுத்துடுங்களேன்" என்று ஒரு உறவினர் சாதாரணமாகச் சொன்னார். அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மகளுக்கும் மகனுக்கும் மனைவிக்கும் சம பங்கு. அக்கா விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம்) எழுதிக் கொடுத்தால் ஒழிய யாரும் எதுவும் செய்ய முடியாது. அவள் ஏன் எழுத வேண்டும்?

நாமே சின்னச் சின்னதாகக் கட்டுவது

இதை யாரும் சொல்லவில்லை, கணக்கு சொன்னது. ஜே.வி.யில் பில்டருக்குப் போகிறது 2.40 கோடி, அவர் செலவு 1.44 கோடி, வித்தியாசம் 96 லட்சம். பணம் புரட்டுவதற்கும், அலைவதற்கும், ஆபத்தை ஏற்பதற்கும் உள்ள கூலி அது. அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அலைச்சலை நாமே ஏற்றுக்கொண்டால்?

ஆயிரம் சதுர அடியில் மூன்று வீடு, மூன்று பிள்ளைகளுக்கு. 600 சதுர அடியில் இன்னும் மூன்று. மொத்தம் அதே 4,800. சமையலறை, குளியலறை எண்ணிக்கை கூடுவதால் செலவு 1.50 கோடி ஆகட்டும். சின்ன வீட்டில் இரண்டை விற்றால் 1.20 கோடி. மிச்சம் 30 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். மூன்றாவது சின்ன வீட்டின் வாடகை அம்மாவுக்கு. கட்டி முடித்து கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வந்த பிறகு விற்றால் வாங்குகிறவருக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதனால் விலை பேசுவதும் சுலபம்.

தெருவுக்கு இதில்தான் லாபம் அதிகம் என்பது என் கட்சி. 1,200 சதுர அடி ஃபிளாட் 1.20 கோடி. கையில் 24 லட்சம் வைத்திருப்பவர்கூட, 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் 83,000 ரூபாய்க்கு மேல் தவணை கட்ட வேண்டும். 600 சதுர அடி என்றால் 60 லட்சம், முன்பணம் 12 லட்சம், தவணை 42,000-க்குள். நங்கநல்லூர் பள்ளியில் வேலை செய்கிற ஆசிரியத் தம்பதி நங்கநல்லூரிலேயே குடியிருக்க முடிகிற விலை இதுதான். பில்டர்கள் ஏன் இப்படிக் கட்டுவதில்லை? பெரிய ஃபிளாட்டில் ஆறு பேரிடம் பேசி நாலு விற்கலாம், சின்னதில் அலைச்சல் அதிகம், மீட்டர் அதிகம், குழாய் அதிகம். "ஒன் பி.ஹெச்.கே.யா? இந்த ஏரியாவுல கேக்க மாட்டாங்க சார்" என்று காபி சாப்பிட்ட அதே பில்டர் சிரித்தார். கேட்கிறவர்கள் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே குடியிருக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கட்டுகிற காலத்தில் புரட்ட வேண்டிய தொகை பெரிது. எனக்கு 52 வயது, அக்காவுக்கு 57, வங்கி எவ்வளவு தரும் என்பது சந்தேகம். கான்ட்ராக்டர் பின்னால் ஒன்றரை வருடம் நான்தான் ஓட வேண்டும். தினமும் போய் நிற்க ஆளில்லாத குடும்பம் இதைத் தொடவே கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 60 லட்சம் ரூபாய் வீடு ஆசிரியருக்குக் கட்டுப்படியாகும், தையல்காரருக்கு ஆகாது. புது வீட்டில் 600 சதுர அடி வாடகை அவர் இப்போது கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. இதுவரை சொன்ன நாலு வழியிலும் அவர் பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம்தான் போக வேண்டும். 7,000 ரூபாய் வீடு என்பது யாரும் கட்டுவது அல்ல, பழையதாகிப் பழையதாகித் தானாக உண்டாவது.

பழுதுபார்த்து வைத்துக்கொள்வது

அம்மா கேட்டது இது ஒன்றுதான். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் நிறைய வீடுகளை ஹரியானாக்காரர்கள் வந்து தூக்கினார்கள். தூக்கிய பிறகு தரை, குழாய், கழிவுநீர் இணைப்பு எல்லாம் புதிதாகப் போட வேண்டும். அதோடு, எங்களுடையது பில்லர் இல்லாத, சுவரே பாரம் தாங்குகிற வீடு. மேலே இன்னொரு மாடியை அந்தச் சுவர் தாங்காது. போட்ட காசு வீட்டைக் காப்பாற்றும், வருமானத்தைக் கூட்டாது.

ஆனால் கான்கிரீட் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இடிப்பதா வைப்பதா என்று எட்டு மாதம் பேசியது முட்டாள்தனம். இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்தோம். சுத்தியல் சோதனை செய்தார், சில இடங்களில் கொத்திக் கம்பியைப் பார்த்தார், மழை ஒழுகுகிற மூலைகளைப் படம் எடுத்தார். ஒரு வாரத்தில் அறிக்கை. 1978-ல் போட்ட முன்வீட்டுக் கூரை திடமாக இருக்கிறது. மேலே தண்ணீர் இறங்காமல் போட்ட சுர்க்கித் தளத்தைப் புதுப்பித்தால் இன்னும் பதினைந்து வருடம் கவலை இல்லை. 1986-ல் கையில் பணம் இல்லாமல் போட்ட பின்போர்ஷன்களில் கம்பி துருப்பிடித்து உப்பிவிட்டது. இந்த மழைக்காலத்துக்கு முன் காலி செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்.

ஆக, எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு வழி முன்னால் வந்து நின்றது. முன்வீட்டை வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் இடிப்பது. அங்கே ரோட்டைவிட இரண்டடி உயரத்தில் அடித்தளம் போட்டு, கீழே ஒன்று, மேலே ஒன்று, 450 சதுர அடியில் இரண்டு வீடு. சுயசான்று வரம்புக்குள் அடங்கும். ஸ்டில்ட் இல்லை, சதுர அடி 2,500 வைத்தால் 22.5 லட்சம். மூன்று பேரும் ஆளுக்கு ஏழரை லட்சம் போட்டால் கடன்கூட வேண்டாம். முன்வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கவில்லை. வாசலில் தடுப்புச் சுவரும் ஒரு மோட்டாரும் போதும் என்று இன்ஜினியரே சொன்னார். பெரிய முடிவு பத்து வருடம் தள்ளிப்போகிறது, நிலம் எங்கேயும் ஓடிவிடாது.

தையல்காரரிடம் அறிக்கையைச் சொன்னோம். அவர் மனைவிதான் பேசினார். "எட்டு மாசம் வெளியே இருந்துக்கறோம் சார். கட்டி முடிச்சதும் வாடகை என்ன சொல்லுவீங்க?"

சந்தையில் 12,000 கேட்கலாம். 9,000 என்று வைத்தாலும் இரண்டு வீட்டுக்கு வருடம் 2.16 லட்சம், 22.5 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு எஃப்.டி.யில் போட்டால் வருவதைவிட அதிகம். இதைக் குடும்பக் குழுவில் எழுதினேன். அக்கா 9,000 போதும் என்றாள். தம்பி இன்னும் பதில் போடவில்லை.